முன்வரிசையில் ஒரு துண்டு

ஐந்தருவி, குற்றாலம்
11 ஜூன் 2025

திரு. ஜோயல் அவர்களுக்கு,

உங்களோடு நான் பேச்சை நிறுத்தி எட்டு வருடம் ஆகிறது. இன்றும் பேசவில்லை; எழுதுகிறேன். "வாயால தூது போக மாட்டேன், எதுவா இருந்தாலும் எழுதித் தாங்க" என்று உங்கள் அக்கா தங்கபுஷ்பம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதனால் குற்றாலத்திலிருந்து தென்காசிக்கு, பஸ்ஸில் ஏறினால் உடனே இறங்க வேண்டிய தூரத்துக்கு, ஒரு கடிதம்.

எனக்கும் உங்கள் அக்காவுக்கும் விசா இல்லை என்று நேற்று பதில் வந்துவிட்டது. அந்த நாட்டின் பெயரை இனி என் கையால் எழுதுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். என் மகள் பெர்சிஸ் அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாப்பிள்ளைப் பையனுக்கும் அதே ஆஸ்பத்திரி. இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல லீவு கிடைக்காததால் ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி அங்கேயே ஆலயத்தில் கல்யாணம். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கோபத்தில் கை நிற்காமல் எழுதிக்கொண்டே போகிறது.

நீங்களும் நாங்களும் ஒரே நாளில்தான் சென்னையில் விசா விண்ணப்பம் கொடுத்தோம். நீங்கள் கூடுதல் கட்டணம் கட்டி, சோபா போட்ட தனி அறைக்குப் போனீர்கள். நான் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர். என்னைப் பார்த்ததும் காப்பிக் கோப்பையைச் சற்றே உயர்த்திக் காட்டினீர்கள். மறந்திருப்பீர்கள். நான் மறக்கவில்லை.

உங்களுக்கு விசா வந்துவிட்டது. எங்களுக்கு வந்த தாளில் இரண்டு காரணங்கள். ஒன்று, வங்கிக் கணக்கில் பல மாதங்களாக ஒன்றுமே இல்லை, ஏப்ரலில் திடீரென்று ஒரு தொகை வந்திருக்கிறது, அது எங்கிருந்து வந்தது என்பதற்கு விளக்கம் இல்லை. இரண்டு, நாங்கள் ஊருக்குத் திரும்பி வருவோம் என்று நம்புவதற்குப் போதிய காரணம் இல்லை.

ஏப்ரலில் வந்தது சீட்டு எடுத்த பணம். கடை ஏலத்துக்கும் விமான டிக்கெட்டுக்கும் எடுத்தது. அருவிக்கரையில் கடை போட்டவன் கணக்கு மார்கழியிலும் மாசியிலும் பாறையாகத்தான் கிடக்கும். அதைப் பார்த்து, 'இவன் ஏழை, உள்ளே விட்டால் போக மாட்டான்' என்று ஒருவர் முடிவு செய்துவிட்டார். இதே நாடு என் மகளை வேலைக்கு எடுத்தபோது அவள் அப்பன் கணக்கில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. அவள் கை வேண்டியிருந்தது, எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கையை ஆலயத்தில் பிடித்துக்கொண்டு நடக்க வருகிறவனிடம்தான் பணத்தைக் காட்டு என்கிறார்கள்.

இதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். எம்.ஃபில். முடித்துவிட்டு ஒரு கல்லூரியில் வேலைக்குப் போனபோது டொனேஷன் எவ்வளவு தருவீர்கள் என்றுதான் கேட்டார்கள். எனக்குப் பின்னால் படித்த ஒருவன் கொடுத்துவிட்டு உள்ளே போனான். அன்று கல்லூரி வாசல், இன்று ஒரு நாட்டின் வாசல்.

இதோடு முடிந்திருந்தால் உனக்கு எழுதியிருக்க மாட்டேன். நேற்று சாயங்காலம் தங்கபுஷ்பம் இன்னொன்று சொன்னாள். அப்பா வர முடியாததால் பெர்சிஸை ஆலயத்துக்குள் கைப்பிடித்து அழைத்துப் போகப்போவது தாய்மாமன் ஜோயலாம்.

ஜோயல், அது என் இடம். உன் அப்பா உனக்கு லாட்ஜைக் கொடுத்தார், நான் ஒரு வார்த்தை பேசவில்லை. இதை உனக்கு விட்டுத் தர மாட்டேன்.

ஜெபஸ்டின்


தென்காசி
13.6.2025

பிரியமுள்ள அத்தானுக்கு ஸ்தோத்திரம்.

உங்க கடிதத்தை மூணு தடவை படிச்சேன். முதல்ல நீங்கன்னு ஆரம்பிச்சு பாதியில நீன்னு வந்துட்டீங்க. அந்த இடம் வந்ததும்தான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

முதல் விஷயம், அந்த இடத்தை நான் கேக்கல. பெர்சிஸ்தான் போன் பண்ணினா. பேச முடியாம அழுதுட்டே கேட்டா. "மாமா, அப்பா வரலைன்னா நான் தனியா நடக்கணுமா?" இதுக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்கணும்? முடியாதுன்னா? சரின்னு சொன்னேன். உங்ககிட்ட எப்படிச் சொல்லன்னு தெரியாமத்தான் அக்காகிட்ட சொன்னேன்.

காப்பி விஷயம். அத்தான், சத்தியமாச் சொல்லுதேன், கப்பைத் தூக்கினது உங்களுக்கு வேணுமான்னு கேக்கத்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சத்தம் கேக்காதே.

விசாவை வச்சு நீங்க எழுதினதெல்லாம் சரியாவே இருக்கட்டும். ஆனா நான் லாட்ஜ் நடத்துதவன். குடும்பமா, பெட்டியும் படுக்கையுமா கார்ல வந்து இறங்கினா உடனே சாவியைக் கொடுத்துருவேன். கையில ஒரு பை கூட இல்லாம தனியா ஒருத்தன் வந்தா அட்வான்ஸ் கேப்பேன். அவன் தங்கமானவனா இருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும்? அவங்களும் அவங்க வீட்டு வாசல்ல அதைத்தான் செய்யுதாங்க. அது பணக்காரன் மேல ஆசை இல்ல, தெரியாதவன் மேல பயம்.

கோவிச்சுக்காதீங்க. மறுபடியும் அப்ளை பண்ணுங்க. நான் ஸ்பான்சர் லெட்டர் தாரேன், கணக்குல எவ்வளவு காட்டணுமோ போட்டுத் தாரேன்.

அன்புடன்
ஜோயல்


ஐந்தருவி
17 ஜூன் 2025

ஜோயலுக்கு,

உன் பணத்தை என் கணக்கில் போட்டுக் காட்டச் சொல்கிறாய். திடீரென்று வந்த ஒரு தொகைக்காகத்தான் என்னை நிராகரித்தார்கள். அடுத்ததாக இன்னொரு திடீர்த் தொகையா? வியாபாரியின் மூளை.

உன் லாட்ஜ் நியாயத்துக்கு வருகிறேன். பை இல்லாமல் வந்து பணம் கொடுக்காமல் ஓடியவர்கள் எத்தனை பேர்? காரில் வந்தவர்கள் போர்வையையும் டி.வி. ரிமோட்டையும் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள் என்று அக்காவிடம் புலம்பியது நீதான். ஆனாலும் அட்வான்ஸ் கேட்பது பை இல்லாதவனிடம். இதற்குப் பெயர் பயம் என்கிறாய். பயப்படுகிறவன் எல்லோரையும் பார்த்துப் பயப்பட வேண்டும். பெரிய முதலீடு போடுகிறவனைக் குடும்பத்தோடு வந்து தங்கிக்கொள் என்று அழைக்கிற நாடுகள் இருக்கின்றன. அவன் அந்தப் பணத்தை எப்படிச் சேர்த்தான் என்று பார்த்துப் பயந்தால் தெரியும்.

அது கிடக்கட்டும். நான் வேறொரு வேலையில் இறங்கிவிட்டேன். நிராகரித்த தாளின் அடியில், சிறிய எழுத்தில், அப்பீல் செய்யலாம் என்று இருக்கிறது. எழுத்தில் செய்ய வேண்டுமாம். எழுத்தில்! இருபத்தைந்து வருடங்களாக என் ஆங்கிலம் பூசணம் பிடித்துக் கிடந்தது, ஜோயல். துண்டு விற்பதற்கு எந்த மொழியிலும் நாலு வார்த்தை போதும். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து கிளைகளிலும் தண்ணீர் கொட்டுகிறது, சாரல் கடைக்குள் அடிக்கிறது, கூட்டம் நெருக்குகிறது. நான் சிப்ஸ் பெட்டி மேல் தாளை வைத்து எழுதுகிறேன். இரண்டு பேர் பணம் கொடுக்காமலே போனதாக உன் அக்கா சொல்கிறாள். போகட்டும்.

ஒரு பகுதியை மட்டும் தமிழில் தருகிறேன், படித்துப் பார்:

'மதிப்புக்குரிய அதிகாரிக்கு. எங்கள் ஊரில் சம்பளம் முதல் தேதியில் வராது, தண்ணீரோடு வரும். தென்மேற்குப் பருவமழை மலையில் பெய்தால் அருவி விழும். அருவி விழுந்தால் மக்கள் குளிக்க வருவார்கள். குளித்தவர்களுக்குத் துண்டு வேண்டும். சீசனில் வருகிற பணத்தை நாங்கள் அன்றன்று வங்கியில் போடுவதில்லை. மறுநாள் சரக்கு வாங்கவும், வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டால் அந்த நாட்களைத் தாண்டவும் கையிலேயே வைத்திருப்போம். சீசன் முடிந்ததும் மீதியை ஒரே நாளில் கட்டுவோம். இந்தக் கரையில் கடை வைத்திருக்கிற எல்லோருடைய கணக்கும் இப்படித்தான். நீங்கள் கேட்ட ஆறு மாதமும் அருவி வறண்ட ஆறு மாதம். வேனிற்காலத்தில் வந்து பாறையைப் பார்த்துவிட்டு, இங்கே அருவி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.'

எப்படி இருக்கிறது? உன் லாட்ஜ் பத்திரத்தில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறதா இல்லையா?

இரண்டாவது காரணத்துக்கும் பதில் எழுதியிருக்கிறேன். இந்தக் கடைதான் என் வாழ்க்கை, சீசனில் ஒரு நாள்கூட இதை விட்டு என்னால் நகர முடியாது, அப்படிப்பட்டவன் திரும்பி வராமல் எங்கே போவான் என்று கேட்டிருக்கிறேன். அசைக்க முடியாத வாதம். திங்கட்கிழமை அனுப்பப்போகிறேன்.

ஜெபஸ்டின்


தென்காசி
19.6.2025

பிரியமுள்ள அத்தானுக்கு,

அருவியைப் பத்தி நீங்க எழுதினதைப் படிச்சிட்டு மேனேஜர் முத்துகுமரனைக் கூப்பிட்டு அவருக்கும் படிச்சுக் காட்டினேன். அவர் சொந்த ஊர் சிவகிரி, லேசுல எதையும் மெச்ச மாட்டாரு. "இவ்வளவு எழுதுதவரை விட்டுட்டு யாரை உள்ள விடப்போறானுவ"ன்னாரு. 

ஆனா ஒண்ணு சொல்லணும். கடைசிப் பாரா உங்களைக் கவுத்துரும்.

சீசன்ல ஒரு நாள்கூட கடையை விட்டு நகர முடியாதுன்னு எழுதியிருக்கீங்க. கல்யாணம் எப்போ? ஆகஸ்ட்ல. நல்ல சீசன். நீங்களும் அக்காவும் கிளம்பிட்டா கடையில யாரு உக்காருவா? படிக்கிற அதிகாரி முதல்ல இதைத்தான் கேப்பான். ஒரு நாள்கூட விட முடியாத கடையை விட்டுட்டு வர்றவன், கடையையே விட்டுட்டு வர்றான்னுதான் நினைப்பான். உங்க கையாலேயே எழுதிக் கொடுக்கீங்க.

கோவத்துல இதை நீங்க கவனிக்கலை. யோசிச்சுப் பாருங்க, யாரு உக்காருவா? பக்கத்துக் கடைக்காரனை நம்ப மாட்டீங்க. சம்பளத்துக்கு ஆள் வச்சா நாலு நாள்ல அவனைச் சந்தேகப்பட்டு விரட்டிருவீங்க.

அதனால இப்படி எழுதுங்க: 'நான் திரும்பி வரும்வரை என் மனைவியின் தம்பி ஜோயல் இந்தக் கடையில் உட்காருவார்.' நான் தனியா ஒரு கடிதம் கையெழுத்துப் போட்டுத் தாரேன். லாட்ஜ் பத்திரத்தோட நகலும் வைக்கேன். எனக்கு ஏற்கனவே விசா கொடுத்திருக்கீங்க, அதை நான் பயன்படுத்தப் போறதில்ல, எங்க அத்தான் வர்ற வரைக்கும் ஐந்தருவியில துண்டு வித்துட்டு இருப்பேன், அவர் வரலைன்னா நான் சாகுற வரைக்கும் விக்கணும்னு எழுதுதேன். இதை விடப் பெரிய ஜாமீன் எவன் தருவான்?

பெர்சிஸ்கிட்ட சொல்லிட்டேன். ரெண்டு பேரும் வாங்க மாமான்னா. அப்ப கடையில யாரு உக்காருவான்னேன். 

ஜோயல்


ஐந்தருவி
23 ஜூன் 2025

ஜோயல்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, வேண்டாம், உன் தயவு எனக்குத் தேவையில்லை என்று நாலு பக்கம் எழுதினேன். நல்ல பக்கங்கள். உன் அக்கா அதைக் கொண்டு போக மறுத்துவிட்டாள். கடை வாசலில், ஆட்கள் பார்க்க, என்னைக் கேட்டாள்: "இந்தக் கோவத்தப் பெட்டியில வச்சு மூடி பத்திரமா வச்சுக்கிடுதேளா, இல்ல பிள்ளை கையப் பிடிச்சு நடக்கேளா? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க."

கடைசிப் பாராவை மாற்றிவிட்டேன். உன் பெயரை எழுதிவிட்டேன். உன் கடிதத்தையும் சேர்த்து இன்று அனுப்பியாயிற்று.

ஆனால் ஒன்றைக் குறித்து வைத்துக்கொள். பணக்காரன் ஒருவன் ஜாமீன் நின்றால்தான் ஏழைக்குக் கதவு திறக்கும் என்றால், என் புகார் பொய்யாகவில்லை. இன்னும் பலமாகிவிட்டது.

இன்னொன்று. எட்டு வருடம் முன்பு உன் புது லாட்ஜ் திறப்பு விழாவில், என்னைக் கூட்டத்துக்கு அறிமுகம் செய்துவைத்தாய். "எங்க அத்தான், இங்கிலீஷ் எம்.ஃபில். ஐந்தருவியில துண்டு விக்காவ." எல்லோரும் சிரித்தார்கள். இப்போது அதே வேலைக்கு நீ எழுத்துப்பூர்வமாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். நகல் என்னிடம் இருக்கிறது.

ஜெபஸ்டின்


தென்காசி
23.7.2025, மத்தியானம்

அத்தான்,

அக்கா பஸ்ஸுக்கு நிக்கா, அவசரமா எழுதுதேன். உங்க கடைக்கு கூரியர்காரன் வர மாட்டான்னு லாட்ஜ் அட்ரஸ் கொடுத்தோம்லா, சாப்பாட்டு நேரத்துல வந்துட்டான். ரெண்டு கவர். நான் தொடல. அக்காதான் பிரிச்சா. அவ பிரிச்ச அவசரத்துல கவர் பாதி கிழிஞ்சு பாஸ்போர்ட் கீழ விழுந்துட்டு. முத்துகுமரன் குனிஞ்சு எடுத்து விரிச்சாரு.

இருக்கு அத்தான். ரெண்டுலயும் இருக்கு.

ரிசப்ஷன்ல சாவிக்கு நின்ன மதுரைக் குடும்பத்துக்கெல்லாம் அக்கா மைசூர்பாக்கு கொடுத்துட்டா. ஏன் கொடுக்கான்னு அவங்களுக்கு இன்னும் தெரியாது.

உங்க அருவிக்குக் கொடுத்தானா என் லாட்ஜுக்குக் கொடுத்தானான்னு தேடிப் பார்த்தேன். ஒரு வரி காரணம் கிடையாது. இல்லைங்கிறதுக்குத்தான் காரணம் எழுதுவாங்க போல.

துண்டு என்ன விலைன்னு மட்டும் எழுதி அனுப்புங்க.

ஜோயல்


ஐந்தருவி
8.8.2025

பிரியமுள்ள அத்தானுக்கு,

என் நம்பரைத்தான் பிளாக் பண்ணி வச்சிருக்கீங்களே, அதனால இதை எழுதிப் போட்டோ எடுத்து அக்கா போனுக்கு அனுப்புதேன்.

திங்கக்கிழமை வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டுட்டாங்க. தலையில கை வச்சு உக்காந்தேன். லாட்ஜ்ல ஒரு நாள் ரூம் காலியா இருந்தா இப்படி வலிச்சதில்ல. நேத்து காலையில தடையை எடுத்தாங்க பாருங்க, மலையே இறங்கி வந்த மாதிரி கூட்டம். தொண்டை கட்டுற அளவுக்குக் கூவினேன்.

ஒருத்தன் பச்சைத் துண்டு வாங்கினான். கொஞ்ச நேரம் கழிச்சு வந்து, "அண்ணாச்சி, கலர் வீட்ல பிடிக்கலங்காங்க"ன்னு திருப்பித் தந்தான். வாங்கிப் பணத்தைக் கொடுத்துட்டேன். அவன் போன பிறகு பாக்கேன், துண்டுல தண்ணி சொட்டுது. குடும்பமே துவட்டியிருக்கு. பக்கத்துக் கடை மெஹர் பானு அக்கா சிரிச்சு அடங்க வெகுநேரம் ஆச்சு. "உங்க அத்தான்கிட்ட இது நடக்குமா? ஒரு பார்வையில பஸ் ஏத்திருவாரே"ன்னா.

துண்டை நீங்க உள்ளே அடுக்கி வச்சிருந்தீங்க. நான் எல்லாத்தையும் வெளிய கொடி கட்டித் தொங்க விட்டேன். பாதி சாரல்ல நனைஞ்சிட்டு. அதையும் சொல்லிடுதேன்.

நாளைக்குப் பிள்ளை கல்யாணம். உங்க நேரம் காலை பதினொண்ணுன்னா இங்க சாயங்காலம். அப்போ கடையில கூட்டம் இருக்கும். இருந்தாலும் நான் நினைச்சுக்கிட்டே இருப்பேன். மெதுவா நடங்க அத்தான். நீங்க எப்பவும் எங்கேயோ சண்டைக்குப் போற மாதிரி நடப்பீங்க.

ஜோயல்


10 ஆகஸ்ட் 2025

மாப்பிள்ளை,

ஊர்ப் பெயரை மேலே எழுதவில்லை. விசா கொடுத்தார்கள் என்பதற்காக நான் சமாதானமாகிவிடவில்லை.

விமான நிலையத்திலும் இரண்டு வரிசை. ஒன்று கூடுதல் பணம் கட்டியவர்களுக்கு, ஓடுகிற வரிசை. இன்னொன்று எங்களுடையது. கவுன்டரில் ஓர் இளம் பெண் என்ன தொழில் செய்கிறீர்கள் என்று கேட்டாள். விரிவுரையாளராக வந்திருக்க வேண்டியவன் என்று தொடங்கும் ஒரு பதில் என்னிடம் எப்போதும் தயாராக உண்டு. என்னவோ அது வரவில்லை. ஓர் அருவிக்குப் பக்கத்தில் துண்டு விற்கிறேன் என்றேன். "துண்டு விற்பதற்கு நல்ல இடம்தான்" என்று சொல்லி முத்திரை குத்தினாள். அவள் கேலி செய்தாளா என்று வந்த நாள் முதல் யோசிக்கிறேன். இல்லை என்றுதான் தோன்றுகிறது.

இனி நேற்று நடந்தது.

ஆலயத்தில் முன்வரிசையில் நமக்கு ஒரு பெஞ்சு. அந்த ஊர்க்காரர்கள் நிறைய பேர் வந்திருந்தார்கள், உட்கார இடமில்லை. உன் அக்கா கைப்பைக்குள்ளிருந்து நம் கடைத் துண்டு ஒன்றை எடுத்தாள். சிவப்பு, பெரிய சைஸ். எனக்குத் தெரியாமல் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள். தென்காசி பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாக இடம் போடுவோமே, அதேபோல அதைத் தன் பக்கத்து இடத்தில் போட்டாள். ஆலயத்தில் இடம் காட்டுகிற பெரியவர் ஒருவர் வந்து, இதை எடுக்கலாமா, ஆட்கள் நிற்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். இவள் தமிழில், "அது எங்க தம்பி இடம்" என்றாள். அவருக்கு என்ன புரிந்ததோ, தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

பெர்சிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் மெதுவாகத்தான் நடந்தேன். நீ சொன்னதற்காக இல்லை, கண் சரியாகத் தெரியவில்லை. பாதி தூரத்தில் அவள் நின்றுவிட்டாள். முன்னால் அந்தத் துண்டைப் பார்த்துவிட்டாள். "அப்பா, மாமா இடமா அது?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அழுகையும் சிரிப்புமாக என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஜெபம், பாட்டு, மோதிரம் எல்லாம் முடிகிறவரை சுவர் ஓரமாக ஆட்கள் நின்றுகொண்டேதான் இருந்தார்கள். அந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை.

எனக்கு மூடிய கதவு உனக்குத் திறந்தே இருந்தது. நீ போகவில்லை. இதை என் புகாரில் எந்த இடத்தில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. என் அருவியா உன் லாட்ஜா என்பதும் கடைசிவரை தெரியப்போவதில்லை. நான் அருவி என்றே சொல்லிக்கொள்வேன். நீ மறுத்துப் பேசாதே.

திறப்பு விழாவில் நீ சொன்னதை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. ஆனால் உன் எண்ணுக்குப் போட்டிருந்த தடையை எடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை திருவனந்தபுரத்தில் இறங்கி, செங்கோட்டை வழியாக நேரே கடைக்கு வருகிறோம். அதுவரை கடையைப் பூட்டாதே. நனைந்த துண்டுகளைச் சாரல் அடிக்காத பக்கம் காயப்போடு. திருப்பித் தருகிறவன் துண்டை முதலில் கையால் தொட்டுப் பார். ஈரமாக இருந்தால் அவன் முகத்தைப் பார்க்காதே, துண்டையே பார்த்துக்கொண்டிரு. அவனாகவே போய்விடுவான்.

அத்தான்
ஜெபஸ்டின்